சதுரகிரியில் மதியத்துக்கு மேல் பெய்யும் மழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வத்திராயிருப்பு பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வெளியூர்க்காரர்கள் சதுரகிரி என்பதை எங்கள் வீட்டில் மகாலிங்கம் கோயில் என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போன மலை. கடந்த வைகாசிப் பிரதோஷத்துக்குப் பத்தாம் வகுப்பு முடித்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று நடந்ததைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

மலை அடிவாரமான தாணிப்பாறையில் காலை ஆறு மணிக்குப் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். நல்ல வெயில் நாள். வழுக்குப்பாறையில் தண்ணீர் பாறையை நனைக்கிற அளவுக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மாங்கனி ஓடையைக் கல்லுக்குக் கல் தாவிக் கால் நனையாமலே தாண்டினோம். 'இதுக்கா தாத்தா அம்மா அவ்வளவு பயந்தாங்க?' என்று பேத்தி கேட்டாள்.

பாதை நெடுக ஓடை கூடவே வருகிறது. கொஞ்ச தூரம் கண்ணில் படாது, சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் ஒரு திருப்பத்தில் நம் காலடியிலேயே நிற்கும். ஓடைக்கரை மருதமரம் ஒன்றின் கிளையில் சாம்பல் நிற அணில், வெயிலுக்கு வயிற்றைக் கிளையோடு ஒட்டி, நீண்ட வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. பேத்தி அசையாமல் நின்று பார்த்தாள். அதே மரத்தின் கவட்டையில், என் தலைக்கும் மேலே, காய்ந்த புல்லும் சருகும் ஒரு கிழிந்த துணியும் சேர்ந்து கூடு மாதிரி சிக்கியிருந்தன. அது எந்தக் குருவியின் கூடு என்று கேட்டாள். குருவி கட்டினது இல்லை, வெள்ளம் கொண்டுவந்து சொருகிவிட்டுப் போனது என்றேன். அவள் ஓடையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை.

சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் கும்பிட்டு, சாப்பிட்டு, ஒரு மணிக்கு மேல் இறங்க ஆரம்பித்தோம். சங்கிலிப்பாறைக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. தலைக்கு மேல் ஒரு மேகம் கிடையாது. எங்களைப்போல முப்பது பேராவது அங்கே தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியின் காலைச் சின்ன மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன.

மேலே சுமை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த, பளியர் என்ற மலைவாழ் மக்களைச் சேர்ந்த ஒருவர் எங்களைத் தாண்டினார். வயதானவர். இரண்டு எட்டு வைத்தவர் நின்று ஓடையையே பார்த்தார். 'காலை எடுங்க சாமி, மேல பேஞ்சிருக்கு' என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலால் காட்டிய பிறகுதான் பார்த்தேன். அதுவரை கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் பொடிச்சருகும் சுள்ளியும் வர ஆரம்பித்திருந்தன. மீன்களைக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. எல்லாரையும் அவர் சத்தம் போட்டு மேட்டில் ஏற்றினார். நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறித் திரும்புவதற்குள், நாங்கள் உட்கார்ந்திருந்த கல்லைக் காணவில்லை. இரைச்சலைவிட எனக்கு நடுக்கம் தந்தது தண்ணீருக்கு அடியில் கேட்ட கடகட சத்தம்தான். பாறைகள் ஒன்றோடொன்று மோதி உருளுகிற சத்தம்.

அந்த நேரத்திலும் இரண்டு இளைஞர்கள், முழங்கால் அளவுதானே, கைகோத்துத் தாண்டிவிடலாம் என்று இறங்கப் பார்த்தார்கள். பெரியவர் குறுக்கே நின்று விடவில்லை. முழங்கால் தண்ணீர் போதும், சரிவில் அந்த வேகத்துக்கு ஆள் நிற்க முடியாது, அடியில் பாசி வேறு. ஒன்றரை மணி நேரம் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வந்த மாதிரியே வடிந்தும் போனது. மாங்கனி ஓடையிலும் அப்படிக் காத்திருந்து, இருட்டுகிற நேரத்துக்குத்தான் அடிவாரம் சேர்ந்தோம்.

அந்தப் பெரியவர் அந்த நிமிஷம் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால்? 2015 மே மாதம், வைகாசி அமாவாசையை ஒட்டிப் பெய்த கோடை மழையில் இதே ஓடைகள் பக்தர்களை அடித்துக்கொண்டு போனதை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. அடிவாரத்தில் சொந்தங்களைத் தேடி நின்றவர்களின் முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

மழை எச்சரிக்கை உள்ள நாளில் மலையேறத் தடை விதிக்கிறார்கள். அது சரியான காரியம். ஆனால் அந்தத் தடை காலையில் ஏறுகிறவனுக்குத்தான். கோடை மழையோ மதியத்துக்கு மேல், ஏறினவன் இறங்குகிற நேரத்தில் வருகிறது. அதுவும் மேலே ஏதோ ஒரு மடிப்பில் மட்டும் கொட்டும். கட்டாந்தரையும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கிற சரிவில் அது ஊறுவதில்லை, அப்படியே ஓடைக்கு வந்துவிடும். கீழே நிற்பவனுக்கு ஒரு துளிகூட விழாது.

காட்டுக்குள் பெரிய கட்டுமானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1988-ல், பேத்தி பார்த்த அந்தச் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகியிருக்கிறது. அது காடாகவே இருக்கட்டும். நான் கேட்பது ஆட்களை. சித்திரையிலும் வைகாசியிலும் கூட்டம் வருகிற நாட்களில், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொரு ஓடைத் துறையிலும் கயிறும் வாக்கிடாக்கியுமாக ஒருவர் நிற்க வேண்டும். மேலே மழை இறங்கியதும் கோயிலிலிருந்து கீழே சொல்லிவிட வேண்டும். தாணிப்பாறையில் வாழும் பளியர் மக்களையே சம்பளம் கொடுத்து அந்த வேலையில் வைக்கலாம். அந்தத் தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். சதுரகிரிக்கு அனுமதி என்று செய்தி போடும்போதெல்லாம், கூடவே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: ஓடையில் சருகு வந்தாலோ, தண்ணீர் நிறம் மாறினாலோ, வெயில் அடித்தாலும் உடனே மேட்டில் ஏறுங்கள். தண்ணீர் வடியும் வரை கடக்காதீர்கள். என் பேத்தி இதைத் தன் கையால் எழுதி, அடுத்த வாரம் மலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டம்.