மார்க் போடச் சொல்லாதீர்கள், படிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைச் சக மாணவர்களே படித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசிரியருக்கு நோட்டுத் திருத்தும் பாரம் குறையும் என்பதைத்தான் அதில் பெரிய பயனாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நான் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. மூன்று ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்துவருகிறேன். பிள்ளைகள் என்னிடம் சொன்னதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு நான் தவறாகத்தான் தொடங்கினேன். கட்டுரை நோட்டுகளை மாற்றிக் கொடுத்து, பிழை இருந்தால் வட்டம் போடுங்கள், பத்துக்கு மார்க் போடுங்கள் என்றேன். ஆளுக்கொரு சிவப்புப் பேனாவும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வகுப்பு இரண்டு பட்டுவிட்டது. நெருங்கிய தோழிகள் ஒருவருக்கொருவர் ஒன்பதரை போட்டுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்களிடம் மாட்டிய நோட்டுகளுக்கு மூன்றும் நான்கும் விழுந்தன. "நீ என்னடி, பெரிய டீச்சரா?" என்று ஒருத்தி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு பெண் 'முயற்சி' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். அவள் நோட்டைத் திருத்திய பையன் நடுவில் ஒரு 'ச்' சேர்த்து 'முயற்ச்சி' ஆக்கி, சிவப்பில் வட்டமும் போட்டிருந்தான். 'ற்' எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் நோட்டை என் மேசையில் வைத்து, "நீங்களே திருத்துங்க டீச்சர். அவன் திருத்தினா எது சரி, எது தப்புன்னே தெரியல" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பிள்ளைகளின் இந்த எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த 81 மாணவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆசிரியர் சொல்லும் கருத்துதான் வேண்டும் என்றார்கள். பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கும் என் தோழி அதைக் காட்டி, "விட்டுவிடு" என்றாள். விட மனமில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று, பெயர் போடாத துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். 'அவளுக்கே எழுத வராது' என்று பலர் எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். அப்படிச் சிலர்தான் எழுதினார்கள். 'உள்ளதைச் சொன்னா நாளைக்கு என்கூடப் பேச மாட்டா' என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். ஒரு சீட்டில், 'எங்க அப்பா பத்தி எழுதியிருக்கேன், அவன் படிச்சா ஊரெல்லாம் சொல்லுவான்' என்று இருந்தது. யாரிடம் நோட்டைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று அன்று எனக்குப் பெரும் வேதனையாகிவிட்டது.

அடுத்த ஆண்டு மார்க்கை எடுத்துவிட்டேன். சிவப்புப் பேனாவும் போயிற்று, பென்சில் மட்டும்தான். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழையெல்லாம் என் வேலை, அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தன் கட்டுரையை யார் படிக்க வேண்டும் என்பதை எழுதியவரே தேர்ந்துகொள்ளலாம். படிப்பவர் இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: எந்த இடம் மனதில் நின்றது? எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளத் தோன்றியது?

மழை பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'மழை இயற்கை அன்னை அளித்த கொடையாகும்' என்று தொடங்கி, முன்னுரையிலிருந்து முடிவுரை வரை நோட்ஸில் இருப்பது அப்படியே. அவள் தோழி ஓரத்தில் பென்சிலால், 'உங்க வீட்ல மழை பேஞ்சா என்ன ஆகும்? அத எழுதலியே' என்று கேட்டிருந்தாள். இரண்டாம் முறை எழுதியபோது அந்தக் கட்டுரையே மாறிவிட்டது. ஓட்டுக்கூரையில் மூன்று இடத்தில் ஒழுகுமாம். ஒழுகும் இடத்துக்கு ஒரு குண்டான் வைப்பார்களாம். தண்ணீர் நிறைய நிறையச் சத்தம் மாறுவதை வைத்தே, எழுந்து பார்க்காமல், எந்தக் குண்டான் நிரம்பிவிட்டது என்று பாட்டி சொல்லிவிடுவாராம். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாளாம். அவள் நோட்டை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். 'சொந்த நடையில் எழுதுக' என்று கீழே எழுதுவதோடு சரி. அந்தப் பாட்டியை வெளியே கொண்டுவந்தது சக மாணவியின் ஒரு கேள்வி.

இதற்குக் காரணம் அந்தக் கேள்வி மட்டுமல்ல, இரண்டாம் முறை எழுதக் கிடைத்த வாய்ப்பும்தான். நம் பள்ளிகளில் கட்டுரை ஒரு முறை எழுதப்படும், ஒரு முறை திருத்தப்படும், அதோடு முடிந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். அதற்கு மனப்பாடமே போதும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். திரும்ப எழுதப்போவதே இல்லை என்றால் தோழி சொல்லும் கருத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆசிரியர் போட்டால் அதற்கு மார்க் மதிப்பாவது உண்டு. ஆகவே ஆசிரியர்தான் வேண்டும் என்கிறாள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவுமில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் எழுத்தும் மாறியது. அவள் சுமாராக எழுதுகிறவள். பிறர் நோட்டில் 'இது நோட்ஸ்ல இருக்கறது' என்று கண்டுபிடிக்கத் தொடங்கிய பிறகு, தன் நோட்டிலும் அப்படிப்பட்ட வரிகளைத் தானே அடித்தாள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆங்கில மொழி மையத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு பகுதி மாணவர்கள் பிறர் எழுத்துக்குக் கருத்து மட்டும் சொன்னார்கள். மற்றவர்கள் கருத்தைப் பெற்றுத் திருத்த மட்டும் பழகினார்கள். சொன்னவர்களின் சொந்த எழுத்துதான் கூடுதலாக முன்னேறியது. ஆசான் சொல்லக் கேட்டு வருவது கால் பங்கு, உடன் கற்பவரோடு பழகி வருவது கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் மீதி இரண்டு பங்கும் என்று நன்னூல் பொதுப்பாயிரம் சொல்வதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தியவள் நான். அதன் பொருளை அந்தப் பெண்ணின் நோட்டில்தான் கண்டேன்.

கடைசியாக, தங்கள் கட்டுரையில் என்னால் ஏற்க முடியாத ஓர் இடம். சக மாணவர் மதிப்பீட்டுக்கு மதிப்பெண் ஒதுக்கி முன்னேற்ற அட்டையில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முன்னேற்ற அட்டையில் இதற்கு இடம் கேட்கிறது. அந்தக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. ஆனால் அட்டையில் ஒரு கட்டம் போட்டீர்களானால் எங்கள் வகுப்பில் மறுபடியும் ஒன்பதரையும் மூன்றுமாகத்தான் விழும். அப்பாவைப் பற்றி எழுதிய பிள்ளை அடுத்த முறை மழை இயற்கையின் கொடை என்றுதான் எழுதும். கட்டம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது தமிழுக்கு இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்துக் கொடுங்கள். ஒன்றில் படித்துச் சொல்வார்கள், அடுத்ததில் திரும்ப எழுதுவார்கள். நாற்பது நிமிடத்தில் இரண்டையும் முடிக்க முடியவில்லை. கால அட்டவணை போடும் தலைமையாசிரியர்கள் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
விழுப்புரம் மாவட்டம்