பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பதை விட்டது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் என் பக்கத்தில்தான் நின்றார். "பத்தாவத விட்டுட்டாளாமே, நெசமா?" என்று கேட்டீர்கள். "பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்று இவர் சொன்னதும், "எங்கிட்ட கூடவா?" என்று வைத்துவிட்டீர்கள். உங்களிடம் கூடத்தான் அக்கா. காதோடு ரகசியம் பேசுவதுகூட ஆகாதாம், அதுதான் தொண்டையை இன்னும் இறுக்குமாம்.

தனியாக அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்குச் சேதி வந்த அதே வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு காரணம் சொல்லியாகிவிட்டது. என் காரணமும் அங்கேயே நாலு பேர் கண்ணில் படட்டும். உங்கள் மருமகள் படித்துக் காட்டுவாள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார்கள். இரண்டு குரல்நாணிலும் எதிரெதிரே சின்னதாகத் தடிப்பு. உலக்கை பிடித்த கையில் காய்ப்பு விழுமே, அந்த மாதிரி. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அந்த இரண்டும் வினாடிக்கு 200 தடவை போல மோதிக்கொள்கின்றனவாம். பின்வரிசை வரை கேட்கக் கத்தினால் மோதலின் வேகமும் கூடும். பயப்படும்படியான கட்டி இல்லை. ஓய்வும் குரல் பயிற்சியும் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், பழையபடி கத்தினால் திரும்ப வரும் என்றார் டாக்டர். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் நீங்கள் சொல்லித்தான் வருஷக்கணக்கில் வாயில் அடக்கிக்கொண்டேன். அதெல்லாம் உணவுக்குழாய்க்குத்தான் போகும், நாண் மேல் படவே படாது என்று சிரித்தார்.

அடுத்து, "பள்ளிக்கூட நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்றார். எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. "காலைல ஒரு டம்ளர் காபியோட நிறுத்திக்கோடி. சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது. பாடக்குறிப்பு எழுதுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

லேப் பின்னாடி இருந்த, தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கழிப்பறைக் கதவு. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எனக்கு மாதவிடாய், இரண்டாவது நாள், அடக்க முடியவில்லை. உங்கள் அக்குளில் விடைத்தாள் கட்டு. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றீர்கள். யாரோ வருகிற சத்தம். சட்டென்று உரத்த குரலில் ஆரம்பித்தீர்கள்: "ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்திற்கு இணையாக வரையப்படும் நேர்கோடு, மற்ற இரண்டு பக்கங்களையும் வெட்டினால்..." தேல்ஸ் தேற்றம்! எதிரே ஒரு பையனும் இல்லை. வந்தவர் டீச்சர் பாடம் நடத்துகிறார் என்று திரும்பிப் போய்விட்டார். "சம விகிதத்தில் பிரிக்கும்" என்று நீங்கள் முடிக்கிற வரை உள்ளே நான் புடவையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்ததும் "நிரூபணம் எழுதிட்டியா?" என்றீர்கள். என் கூடப்பிறந்தவள்கூட எனக்காக அப்படி நின்றதில்லை.

இப்போது அதை நினைத்தால் கோபமும் வருகிறது. உங்கள் மேல்தான். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை அக்கா? எத்தனை பேருக்கு அந்தக் கதவைப் பிடித்திருப்பீர்கள்? ஒரு தடவையாவது அலுவலக அறைக்குப் போய்க் கேட்டோமா? "கேட்டா பேர் கெட்டுடும்" என்றீர்கள். உங்கள் பேர் கடைசி வரை கெடவில்லை. உங்கள் உடம்பைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, விட்டுவிடுகிறேன். சுகர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியதை நான் பார்த்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை உண்டு, குடிநீர் உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. ஆசிரியருக்கு அந்த வரி இல்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க 2025-இல் வாட்டர் பெல் வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் பாட்டிலைத் திறக்கிறார்கள். நான் நின்று வேடிக்கை பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் கை போகவில்லை. உங்கள் பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

வருஷத்துக்கு 12 சிஎல், அதாவது தற்செயல் விடுப்பு. பாதிக்கு மேல் மிச்சம் வைத்தே டிசம்பரை முடிப்பீர்கள். ஜனவரி பிறந்தால் அது செல்லாது என்று தெரிந்தும். 58 வயதில் ஓய்வு பெற்றுப் போய்விடலாம் என்றிருந்தீர்கள். 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள், அடுத்த பிப்ரவரியில் 60. நாங்கள் கூடுதல் சம்பளத்தைக் கணக்குப் போட்டோம். நீங்கள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களைப் பெருமையாகப் பார்த்தேன். இன்று அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

ரிசல்ட் மீட்டிங்கில் பாட ஆசிரியர்களை எழுப்பி நிற்க வைத்தது உங்களுக்கு நான் சொன்னதுதான். எங்கே, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் முடிவுக்கு அதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. அன்றைக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. குரல் இல்லாதவளைப் பத்தாம் வகுப்பில் நிறுத்தினால் அது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மை. எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் உங்களிடம் மறைக்கவில்லை.

பி செக்‌ஷன் பிள்ளைகளுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். வரைபடமும் செய்முறை வடிவியலும் சேர்ந்து 16 மார்க், 35-க்கு அதுதான் ஊன்றுகோல் என்று நீங்கள் உருவாக்கிக் கொடுத்த வழியில்தான் மெல்லக் கற்கும் பிள்ளைகளை இத்தனை வருஷமும் தேற்றினேன். நடுவில் கைமாற்றியது அவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் உங்களிடம் எதற்கு மன்னிப்பு என்று யோசித்தால் பிடிபடவில்லை. நீங்கள் இருந்த மாதிரி நான் இல்லாததற்கா?

விடுப்பு முடிந்து போகும்போது ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். இடுப்பில் மாட்டும் மைக் வாங்கியாகிவிட்டது. ஆசிரியைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டது நான் மட்டும்தான். மற்றவர்கள் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு எடுக்க வந்திருக்கும் சார் சின்னப் பையன், நல்ல பையன், தொண்டை கிழியக் கத்துகிறான். உங்கள் பழைய வடிவியல் குறிப்புக் கட்டு பரணில் இருந்தால் அவனுக்கு அனுப்பி வையுங்கள். தண்ணீர் பற்றி மட்டும் அவனுக்கு ஒன்றும் சொல்லித் தர வேண்டாம்.

உங்கள்,
சின்னவள்