பாப்பாவுக்கு, குடியாத்தத்திலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் வந்துடுச்சுப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மீட்டிங் நடக்கும்போது ஒரு கண்ணால் மேயாதே, சாப்பிடும்போது படி. சாப்பிடுகிறாய் இல்லையா? போன வாரம் வீடியோவில் பார்த்தபோது மத்தியானம் மூன்றரை மணி. அங்கே பெங்களூரில் உன் கட்டிலில் லேப்டாப், தலைமாட்டில் காலையில் குடித்த காபி டம்ளர், ஜன்னல் திரை இழுத்து மூடியபடி. போனை வைத்த பிறகு உன் அம்மா, "கொழந்த மூஞ்சில வெயிலே படாதவ மாதிரி இருக்கா" என்றாள். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவள் அதிகம் பேசவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது கொரோனாவோடு வந்த புதுப் பழக்கம் என்று உங்கள் ஆபீசில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நம் தெருவில் என் தாத்தா காலத்துக்கு முன்னாலிருந்தே எல்லாருக்கும் வீட்டில்தான் வேலை. நடையைத் தாண்டினால் தறி, தறியைத் தாண்டினால் அடுப்பு. லுங்கி நெய்தே உன்னைப் படிக்க வைத்தவன் நான், அதனால் இந்த விஷயத்தில் உன் மேனேஜரைவிட எனக்கு அனுபவம் அதிகம் என்று வைத்துக்கொள்.

வேலை வீட்டில்தான், ஆனால் நாங்கள் யாரும் தனியாக வேலை செய்ததில்லை. விடிகாலையில் தெருவில் பாவு, அதாவது தறிக்கு ஏற்றுகிற நீளவாட்டு நூலை, நீட்டிக் கஞ்சி போட வேண்டுமென்றால் நான்கு வீட்டு ஆட்கள் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வேலை ஆகாது. நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். உள்ளே தறிக் குழியில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாலும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அரை நாள் என் சத்தம் கேட்காவிட்டால் எதிர்வீட்டு மாமா வாசலில் வந்து, "இன்னாப்பா, தறி ஓடற சத்தமே காணோம், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அந்த ஆள் வம்புக்காரர்தான், ஆனாலும் கேட்பார். உன் கீபோர்டு சத்தம் யாருக்குக் கேட்கிறது சொல்? ஸ்க்ரீனில் பத்து முகம் தெரியும், அதில் ஒருவருக்காவது நீ காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று தெரியுமா?

இன்னொன்று, எங்கள் வேலையும் கூலிக் கணக்குதான். இன்னும் ஒரு முழம் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் காசு என்று தோன்றிக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள்ளேயே தறி இருப்பதால் எழுந்து போகவும் மனசு வராது. கரண்ட் பல்பு வந்த பிறகு ராத்திரியிலும் நெய்ய ஆரம்பித்தோம். உன் ஆயா என்ன செய்வாள் தெரியுமா, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு நான் வராவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, தறியில் குறுக்கு நூலைக் கொண்டு போகிற நாடாவை எடுத்துக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவாள். நாடா இல்லாமல் என்னத்தை நெய்வது? காலையில் அரிசி எடுக்கும்போதுதான் திரும்பக் கொடுப்பாள். அமாவாசை அன்றைக்குத் தெரு முழுக்கத் தறி ஓடாது, எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் சரி.

உன் நாடாவை எடுத்து ஒளித்து வைக்க அங்கே ஆள் இல்லை, நீயேதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரீனில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி, ஆள் இல்லை என்று மஞ்சளாகிவிட்டால் கேட்பார்கள் என்று மவுஸை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவதாகச் சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சளாகட்டும். ஒரு நேரம் வை, அந்த நேரத்துக்கு லேப்டாப்பை மூடி பையில் போட்டு அலமாரியில் வை. கட்டிலில் வைத்து மட்டும் வேலை செய்யாதே, தறிக் குழியில் யாராவது பாய் விரித்துப் படுத்துப் பார்த்திருக்கிறாயா? படுக்கிற இடத்திலேயே நாளெல்லாம் வேலை செய்தால் ராத்திரி படுத்தாலும் மூளை ஆபீசிலேயே இருக்கும். ஜன்னல் பக்கம் ஒரு மேஜை வாங்கிப் போடு, காசு நான் அனுப்புகிறேன். காலையில் லாகின் செய்வதற்கு முன்னால் வெளியே போய் வா, மடிவாளா ஏரி உனக்குப் பக்கம்தானே. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குப் பொழுது தெரியும், ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

வாரத்தில் இரண்டு நாள் ஆபீசுக்கு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்களாமே, போ. டிராபிக் என்று சொல்லாதே. டிராபிக்கில் நின்றாலும் நான்கு மனிதர் முகத்தையாவது பார்ப்பாய்.

இதெல்லாம் சாதாரண சலிப்புக்குச் சொன்னது. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மேஜையும் ஏரியும் போதாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். இருந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதே, எந்த ராத்திரியானாலும் முதலில் எனக்குப் போன் செய். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போடு. டெலி மானஸ் என்று மனநல உதவிக்காக அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உன் ஊரிலேயே ஓசூர் ரோட்டில் இருக்கிறது, நாடெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். ஆபீஸ் இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் பார், உடம்பு நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

நம் பக்கத்தில் வேலூர் பாகாயம் என்றாலே கிண்டலாகப் பேசுகிறவர்கள் உண்டு, நீயும் சின்ன வயதில் கேட்டிருப்பாய். விடு. சிஎம்சி அங்கே நடத்துகிற மனநல மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டு ஆளும் கூடவே தங்கலாம், ரொம்பக் காலமாகவே அங்கே அப்படித்தான். நம் பின் தெருவில் நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக் கொடுக்கிற அக்காவோடு அவர் வீட்டுக்காரர் போய்த் தங்கினார். இப்போது அந்த அக்கா பழையபடி ராட்டையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார், காது கொடுத்து மாளவில்லை. தேவைப்பட்டால் உன்னோடு நான் வந்து தங்குவேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வைகாசி ஒன்றாம் தேதி நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடு, லேப்டாப் எடுத்து வராதே. அதற்கு முன்னாலும் வரலாம், காலையில் வண்டி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய். முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீளமாகப் பதில் எழுத வேண்டாம். இன்றைக்கு எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினாய் என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு, நாளைக்கும் கேட்பேன்.

அப்பா