மலையேற்றச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் அனுப்பப்படும்.

பொங்கல் விழா, கொல்லிமலை ஆகாயகங்கை நடை, ஏற்காட்டில் குப்பை பொறுக்கியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை, மலையில் ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி. "நடக்கத்தானே போகிறோம், இதெல்லாம் எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 108-ஐ அழைத்தாலும் வண்டி சாலை வரைதான் வரும். அதுவரை ஒற்றையடிப் பாதையில் நாம்தான். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்கள்தான் அவகாசம்.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். குத்தி நிற்கும் குச்சியைப் பிடுங்கக் கூடாது. கை, காலில் எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லையா, காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் ரத்தம் நிற்கும்வரை இறுக்கலாம். மெல்லிய கயிறு தசையை அறுக்கும். கட்டிய நேரத்தை எழுதிவைத்து, மருத்துவரிடம் சேரும்வரை அவிழ்க்காமல் இருக்க வேண்டும். பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு கூடாது. இதை இருமுறை சொல்லும்படி பயிற்சி தந்த செவிலியரிடம் சொன்னேன், நம்மவர்களுக்குக் கட்டு என்றாலே பாம்புதான் ஞாபகம் வருகிறது. அட்டைக்கடி நெடுநேரம் கசியும், அவ்வளவுதான். அதற்குக் கூச்சல் தேவையில்லை.

பயிற்சி நாளில் தேநீருக்கு முன் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் தேநீருக்குப் பின் இல்லை. இறுக்குப் பட்டைக்கு விலை அதிகம் என்று ஆட்சேபம் வந்தது. அதே கூட்டத்தில் சங்கப் பெயர் போட்ட பனியனுக்கு ஒரே நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. சரி, பட்டையும் எப்படியோ வாங்கியாயிற்று.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. முன்வரிசையிலும் சிலர் இருக்கிறார்கள்.

பயிற்சி தந்த செவிலியருக்கும், இடம் தந்த பள்ளிக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காஸ் துணி புதிதாக வாங்க வேண்டும். அப்புறம், முதலுதவிப் பையை இதுவரை நானே சுமக்கிறேன். எனக்கே வெட்டுப்பட்டால் அழுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் ஒருவராவது வேண்டும். பை என் வீட்டில்தான் இருக்கிறது. மாலையில் யார் வந்தாலும் திறந்து காட்டுவேன். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.