சுவரிலிருந்து கழற்றப்பட்ட படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கனடாவின் டொரான்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் முன்னாள் நட்சத்திரம் வின்ஸ் கார்ட்டர் பற்றி வெளிவந்த கட்டுரையையும், அதற்கு மறுமொழியாக, "சோறு போட்ட அணியை விட்டுப் போனவனுக்கு மரியாதை எதற்கு?" என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். கொங்கு நாட்டுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வாசகர் கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் என் ஊரே கேட்டது; அதற்குரிய விடை என் கையில் இருந்தும் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

கார்ட்டர் மீது டொரான்டோ மக்களுக்கு இருந்த மனத்தாங்கல் காரணமற்றது அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐஸ் ஹாக்கியை உயிராக நினைக்கும் ஒரு நாட்டில் 1995இல் தொடங்கப்பட்ட அந்த அணி, 1998இல் அவர் வந்த பிறகுதான் தலையெடுத்தது. 2000ஆம் ஆண்டு ஓக்லாந்தில் நடந்த டங்க் போட்டியில் (உயரத் தாவிப் பந்தை வளையத்துக்குள் திணித்துக் காட்டும் போட்டி) கையை முழங்கை வரை வளையத்துக்குள் விட்டுத் தொங்கிய அந்த இளைஞரும், அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 2.18 மீட்டர் உயரமுள்ள பிரான்ஸ் வீரரின் தலைக்கு மேலே தாவிப் பந்தை வளையத்துக்குள் திணித்த அந்த இளைஞரும் தங்களுடையவர் என்று அந்த நகரம் பெருமை கொண்டாடியது. 2001 மே 20 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் காலையில் அவர் தம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு விமானத்தில் வந்து ஆடினார். கடைசி வினாடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் விழவில்லை. 88க்கு 87 என்று ஒரே புள்ளியில் டொரான்டோ தோற்றது. அந்தப் பட்டமளிப்பு விழாவை வைத்து இன்றும் அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஓர் ஆசிரியனாக அதை நான் ஏற்க மாட்டேன். தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி படித்து முடித்துப் பட்டம் வாங்குவது எந்த ஆட்டத்துக்கும் குறைந்தது அன்று.

உண்மையான காயம் அதற்குப் பின்னர் ஏற்பட்டது. நிர்வாகத்தோடு மனம் முறிந்து, 2004 டிசம்பர் 17 அன்று அவர் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அவருக்கு ஈடாகப் பெறப்பட்டவர்களில் பெரும் பெயர் கொண்ட அலான்சோ மோர்னிங், டொரான்டோவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதே பருவத்தில் டொரான்டோவுக்கு ஆடிய 20 ஆட்டங்களில் சராசரியாக 15.9 புள்ளிகள் எடுத்த கார்ட்டர், நியூ ஜெர்சிக்குப் போனதும் சராசரியாக 27.5 புள்ளிகள் எடுத்தார். டொரான்டோவில் இருந்தவரை தாம் எப்போதும் முழு மூச்சோடு ஆடவில்லை என்பதை ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். சிறுவாடு சேர்த்து டிக்கெட் வாங்கிய ரசிகனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன இருக்க முடியும்? பந்து அவர் கையைத் தொட்ட போதெல்லாம் அந்த அரங்கம் ஊளையிட்டது. அவரோ, 2006 ஜனவரியில் அதே அரங்கில் 42 புள்ளிகள் எடுத்து, கடைசி நேர மூன்று புள்ளி வீச்சால் டொரான்டோவை ஒரு புள்ளியில் தோற்கடித்தார்.

2024 நவம்பர் மாதத் தொடக்கத்தில் டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அம்மாதம் 2ஆம் நாள் கார்ட்டரின் 15ஆம் எண் ஜெர்சியை, அந்த அணியின் வரலாற்றிலேயே முதன்முறையாக, அரங்கின் கூரையில் ஏற்றிப் பெருமைப்படுத்தினார்கள். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஈழத்தமிழர் ஒருவர், சிறுவயதிலேயே அங்கு வந்து வளர்ந்தவர், எங்களோடு அமர்ந்து தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். பள்ளிக்கூட நாட்களில் கார்ட்டரின் ஜெர்சியைத் தவிர வேறு சட்டை போட மறுத்தவராம். 2004இல் அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டாராம். "அவர் போனதுகூடப் பரவாயில்லை ஐயா. எங்களிட்ட இருக்கேக்க முழு மனசோட விளையாடேல்லை எண்டதுதான் எரிச்சல். பத்து வருசம் கத்தினம்," என்றார். ஜெர்சி மேலே ஏறியபோது அவர் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவர் அதை மறைக்கவில்லை.

அந்தப் பத்து வருடக் கணக்கும் சரியானதே. 2014 நவம்பர் 19 அன்று மெம்பிஸ் அணிக்காக ஆட கார்ட்டர் டொரான்டோ வந்திருந்தார். (அந்த மெம்பிஸ் அணியும் ஒரு காலத்தில் கனடாவின் வான்கூவர் நகரத்துக்குச் சொந்தமாக இருந்து, 2001இல் அம்மக்களைக் கைவிட்டுப் போன அணிதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.) ஆட்டத்தின் இடைநிறுத்தத்தில், அவர் அந்த நகரத்துக்காக ஆடிய நாட்களின் காட்சிகளைத் தொகுத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். முதலில் தயங்கிய அரங்கம் பின்பு எழுந்து நின்று கைதட்ட, அவர் பெஞ்சருகே நின்று அழுதார். ரசிகர்கள் தாமாக மாறிவிடவில்லை. கதவைத் திறந்துவிட்டவர்கள் அணி நிர்வாகத்தினர். ரசிகர்கள் அந்தக் கதவு வழியாக நடந்து வந்தார்கள்.

விட்டுப் போவதுதான் குற்றம் என்றால், பிற வீரர்களின் கதைகள் ஒத்துவரவில்லை. 2010 ஜூலையில் தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டு கிளீவ்லாந்தை நீங்கிய லெப்ரான் ஜேம்ஸின் ஜெர்சிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திய அதே ஊர் மக்கள், 2014இல் திரும்பி வந்து 2016இல் கோப்பை வென்று கொடுத்த அவர் 2018இல் இரண்டாவது முறை போனபோது கைதட்டி வழியனுப்பினார்கள். டொரான்டோவுக்கு 2019இல் கோப்பை வாங்கிக் கொடுத்த கவாய் லெனார்ட் ஒரே பருவம் ஆடிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் அந்த அரங்கம் எழுந்து நின்று மரியாதை செய்தது. லெனார்டைப் பெறுவதற்காக 2018இல் அனுப்பப்பட்ட டிமார் டிரோசனோ அங்கேயே இருக்க விரும்பியவர். ஒன்பது பருவங்கள் அங்கே ஆடியவர். வீரன் போனால் துரோகம் என்கிறோம். நிர்வாகம் ஒருவரை அனுப்பினால் அது தொழில் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகளை நடத்தி, ஊர் ஊராகக் கூடைப்பந்து வெறியர்களை வளர்த்த மண் இது. கிரிக்கெட்டைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலத்திலும், மின்விளக்கு வெளிச்சத்தில் சிமென்ட் தரையில் பந்து தட்டும் ஓசை கேட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு கேலரியில் ஏறி உட்காரும் மக்கள் இங்கே இருந்தார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் நம் நாட்டு வீரனுக்கு அமெரிக்க வீரனைப் போலக் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் கிடையாது. வங்கிகள், ரயில்வே, வருமான வரித் துறை, முப்படைகள் ஆகியவற்றின் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு வேலைதான் அவன் ஆட்டத்துக்குக் கிடைக்கும் மொத்தக் கூலி. உள்ளூர் கிளப்பில் நன்றாக ஆடும் பையன் ஒருநாள் சென்னைக்குப் போயே தீர வேண்டும். அவனை வளர்க்கும்போதே அது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் நொய்யல் கரையில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் எங்கள் கிளப்புக்கு ஒரு பையன் வந்தான். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுபவர். வீட்டில் இரண்டு தங்கைகள். ஆறடி மூன்றங்குல உயரம், அதற்கேற்ற கை, பந்து வரும் திசையை மற்றவர்களுக்கு அரை வினாடி முன்பே அறிந்துவிடும் கண். கடைக்காரர்கள் சேர்ந்து அவனுக்கு கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். பால்காரர் தினமும் காலையில் அரை லிட்டர் பால் கணக்கில்லாமல் ஊற்றினார். இரண்டே ஆண்டுகளில் அவனைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் வந்தது. 1987 மே மாதம் எங்கள் ஊரில் நடந்த போட்டியில் எங்கள் அணி முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. ஞாயிற்றுக்கிழமை இரவு இறுதி ஆட்டம். வியாழக்கிழமை இரவு அவன் திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று புள்ளிகளில் தோற்றோம்.

அன்றிரவு எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கிளப் அறைச் சுவரில் மாட்டியிருந்த அணியின் படம் கழற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் நிறுவன அணியோடு அவன் எங்கள் ஊருக்கு ஆட வந்தபோது, ஃப்ரீ த்ரோ எறிய நின்ற ஒவ்வொரு முறையும் கேலரி "துரோகி, துரோகி" என்று கத்தியது. ஒரு செருப்பும் வந்து விழுந்தது. அவன் தங்கை கல்யாணத்துக்குக் கிளப்பிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. அவன் அப்பா இறந்தபோது போனவர்களும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். சென்ற ஆண்டுப் போட்டியின்போது, இப்போது அறுபதை நெருங்கும் அவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கேலரியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தார். விவரம் அறியாத ஒலிபெருக்கி அறிவிப்பாளர் அவரை அடையாளம் கண்டு, "நம்ம ஊர் முன்னாள் வீரர்" என்று பெயரைச் சொன்னதும் ஊளைச் சத்தம் கிளம்பியது. ஊளையிட்டவர்களில் பாதிப் பேர் 1987இல் பிறக்கவே இல்லை. தகப்பனும் பாட்டனும் சொன்னதைக் கேட்டே அந்தப் பிள்ளைகள் அவர் மீது பகை கொண்டிருக்கிறார்கள். இடைவேளைக்கு முன்பே பேரனை அழைத்துக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார். நான் நடுவர் மேசைக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்ன என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்துச் சொல்கிறேன். அந்த வாரம் புதன்கிழமை மாலை அவன் வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை, மே 15, காலை பத்து மணிக்குள் வேலையில் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. தபால் நிலையத்துக்குப் போய் ட்ரங்க் கால் போட்டுப் பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். "ஒரு நாலு நாள் தள்ளிப் போட முடியுங்களான்னு கேட்டுப் பாத்தனுங்க மாஸ்டர். வெள்ளிக்கெழம வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாமா. நீங்க போகாதேன்னு சொன்னீங்கன்னா நானு போகலீங்க," என்றான். தறிக்கூடத்துத் தூசியில் இருமிக்கொண்டிருந்த அவன் அப்பாவை எனக்குத் தெரியும். "போய்ச் சேந்துக்க சாமி, ஊருக்கு நான் சொல்லிக்கறேன்," என்று நானேதான் அனுப்பி வைத்தேன்.

ஊருக்கு நான் சொல்லவில்லை. முதலில், இறுதி ஆட்டத்துக்கு முன் அணி மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். தோற்ற இரவில், கிளப் தலைவரும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு, "உங்களுக்காச்சும் சொல்லிட்டுப் போனானுங்களா மாஸ்டர்?" என்று கேட்டபோது, தோல்வியின் எரிச்சலிலும், தெரிந்தே அனுப்பினேன் என்றால் அந்தப் பழி என் மேல் விழும் என்ற பயத்திலும், "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு அதன் பிறகு எத்தனையோ வாய்ப்புகள் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டேன். அவரோ இன்றுவரை, "மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்" என்று எவரிடமும் வாய் திறக்கவில்லை.

தம்மிடம் முழு மனத்தோடு ஆடாதவர் என்று நியாயமான குறை இருந்த ஒருவரையே டொரான்டோ பத்தாம் ஆண்டில் எழுந்து நின்று வரவேற்றது. எங்கள் வீரர் எங்களுக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் உடம்பை ஒளிக்காமல் ஆடியவர். அவர் மீது வைக்கப்பட்ட ஒரே குற்றம், சொல்லாமல் போனார் என்பது. அது பொய். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. ஆகவே தங்களுக்குக் கடிதம் எழுதிய வாசகரிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரு வீரர் மேல் கோபப்பட ரசிகனுக்கு உரிமை உண்டு, ஆசை வைத்தவன்தானே கோபப்பட முடியும். ஆனால் எதற்காகக் கோபம் என்ற கணக்கை ஒருமுறை எடுத்துச் சரிபார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். போனதற்காகவா, போன விதத்துக்காகவா, இருந்தபோது ஆடாததற்காகவா, அல்லது யாரோ சொன்னதற்காகவா?

எங்கள் போட்டிக் குழுவினர் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள். வரும் மே மாதப் போட்டியின் தொடக்க நாளில் அவரை முறைப்படி அழைத்து, ஒலிபெருக்கியில் இந்த உண்மையை என்னையே சொல்ல வைக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று ஊளையிட விரும்புகிறவர்கள் என்னைப் பார்த்து இடட்டும். 1987இல் கழற்றிய படம் குப்பைக்குப் போகாமல் என் வீட்டு அட்டாலியில் இருக்கிறது. கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவருக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எம்பேரு மட்டும் போட வேண்டாங்க மாஸ்டர், அம்மா இன்னும் அந்த வீதியிலதான் குடியிருக்குது," என்றார். ஆதலால் அவர் பெயரையும், என் பெயரையும், ஊரின் பெயரையும் வெளியிடாமல் இக்கடிதத்தைப் பிரசுரிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருப்பூர் மாவட்டம்.