'இடியோபதிக்' என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்: கோடிங் டீம் லீடுகளுக்கும் ஆடிட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளி சார்ட்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான கோடைப் போடும், அதாவது மெடிக்கல் கோடிங் செய்யும் டீம்களை நடத்துகிற, ஆடிட் பார்க்கிற, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிற எல்லோருக்கும்தான் இந்த மடல். எம்87 என்கிற நோய்க் கோடு பற்றி மட்டும் பேசப் போகிறேன். எலும்புக்குப் போகிற ரத்தம் தடைபட்டு அந்தத் திசு செத்துப்போகிறதே, நாம் நாள் முழுக்க 'ஏவிஎன்' என்று சொல்கிறோமே, அது.

முதலில் ஒரு சார்ட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், வலது இடுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக்காக அட்மிட் ஆனவர். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஏவிஎன், வலது தொடை எலும்பின் தலை' என்று ஒரே வரி. எம்87.051 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போனேன், ஆடிட்டிலும் அது நூற்றுக்கு நூறு வாங்கியது. சில மாதம் கழித்து அதே நோயாளி இடது இடுப்புக்காக வந்தார், சார்ட் மறுபடியும் என்னிடமே வந்தது. இந்த முறை முந்தைய நோய்களின் பட்டியலில் 'இடியோபதிக் அசெப்டிக் நெக்ரோசிஸ், வலது தொடை எலும்பு' என்று இருந்தது (அசெப்டிக் நெக்ரோசிஸ் என்பது ஏவிஎன்-க்கே இன்னொரு பெயர்). 'இடியோபதிக்' என்பது எந்த மருத்துவரும் எழுதாத வார்த்தை, நான் போட்ட கோடின் விளக்கம். அதற்குக் கீழேயே மருந்துப் பட்டியல், அதில் லூபஸுக்காக (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) பல வருடமாக எடுத்துக்கொண்டிருக்கும் பிரெட்னிசோன், ஏவிஎன்-ஐ வரவழைக்கக்கூடிய ஒரு ஸ்டீராய்டு. சந்தேகப்பட்டு பழைய சார்ட்டைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் அது இருந்தது, அனஸ்தீசியா மதிப்பீட்டுப் பக்கத்தில். நான் அந்தப் பக்கம் வரைக்கும் போகவே இல்லை.

அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இடியோபதிக் என்றால் 'காரணம் எழுதப்படவில்லை' என்று அர்த்தம் இல்லை, தேடிப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை என்று மருத்துவர் சொல்கிற முடிவு அது. எம்87.0 முழுக்க அந்த முடிவுக்கானது. மருத்துவர் வெறும் ஆஸ்டியோநெக்ரோசிஸ் (இதுவும் ஏவிஎன்-தான்) என்று மட்டும் எழுதியிருந்தால் கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் எம்87.9. அதில் எந்த எலும்பு என்பதும் கிடையாது, எந்தப் பக்கம் என்பதும் கிடையாது. அதைப் போடக் கை கூசுகிறது என்பதால்தான் 'குறிப்பாக' இருக்கட்டுமே என்று எம்87.05-க்குத் தாவுகிறோம். பக்கத்தைச் சரியாகச் சொல்வதற்காகக் காரணத்தைப் பொய்யாகச் சொல்லிவிடுகிறோம்.

பழைய முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஐசிடி-9 என்ற முந்தைய கோடு பட்டியலில் தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து 733.42 என்று ஒரே கோடு, வலது இடது கிடையாது, காரணமும் கிடையாது. அமெரிக்கா ஐசிடி-10-க்கு மாறிய 2015 அக்டோபர் 1-இலிருந்து நான்காவது இடத்திலேயே காரணம் வந்து உட்கார்ந்துவிட்டது: மருந்தால் என்றால் எம்87.1, முன்பு பட்ட அடியால் என்றால் எம்87.2, வேறு காரணத்தின் விளைவு என்றால் எம்87.3. சிக்கிள் செல் நோயிலோ ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோயிலோ வந்தால் எம்90.5, அதுவும் அடிப்படை நோயை முதலில் போட்டுவிட்டு. குழந்தைகளுக்கு வரும் பெர்தஸ் நோய் எம்91-க்குப் போய்விடும். இத்தனை கதவு திறந்திருக்க, நம் டீம்களில் பெரும்பாலான சார்ட் ஒரே கதவு வழியாகத்தான் வெளியே போகிறது.

சரி, மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இருக்கிறதே, நேராக எம்87.151 போட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. லூபஸே எலும்பைப் பாதிக்கக்கூடியது, எது காரணம் என்று இணைத்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நாம் இல்லை. அவர் 'ஸ்டீராய்டால்' என்று எழுதிவிட்டால் எம்87.151 முதலில், அதற்கு அப்புறம் ஸ்டீராய்டின் பக்கவிளைவைக் குறிக்கும் டி38.0எக்ஸ்5ஏ (T38.0X5A), கூடவே லூபஸுக்கான கோடு. எழுதவில்லை என்றால் குவெரிதான், அதாவது மருத்துவரிடமே எழுதிக் கேட்பதுதான் வழி. அதிலும் பதிலை நாமே அவர் வாயில் திணிக்கக் கூடாது. 'நீண்டநாள் பிரெட்னிசோனும் லூபஸும் பதிவாகியுள்ளன, ஏவிஎன்-க்கான காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா' என்று கேட்டு, மருந்து, அடி, வேறு நோய், இடியோபதிக், தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் போதும், அவர் ஒரு டிக் அடிப்பார்.

இன்னும் மூன்று விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலி இடுப்பு மூட்டில் இருந்தாலும் கோடு மூட்டுக்கு இல்லை, எலும்புக்கு, கோடிங் வழிகாட்டுதலே ஏவிஎன்-ஐ உதாரணமாகச் சொல்லித்தான் இதை விளக்குகிறது. இரண்டு பக்கமும் பாதிப்பு என்றால் சேர்த்துப் போட ஒரே கோடு கிடையாது, வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. ஓபி சார்ட்டில் 'ஏவிஎன் ஆக இருக்கலாம், எம்ஆர்ஐ எடுக்கவும்' என்று இருந்தால் எம்87 பக்கமே போகக் கூடாது, இடுப்பு வலி எம்25.55-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியும் என்பதால் இந்த மாதிரி சார்ட் நிறையவே வரும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் மணிக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் வைத்து, குவெரி போட்ட சார்ட்டை அன்றைய கணக்கில் சேர்க்காமல் விட்டால், எந்தக் கோடர் குவெரி போடுவார்? நானும் போடவில்லை. சாஃப்ட்வேரில் ஏவிஎன், ஃபீமர் என்று தட்டினால் முதலில் வந்து நின்றதையே எடுத்துக்கொண்டேன். எம்87.05 போட்டவரிடம் 'இடியோபதிக் என்று மருத்துவர் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார், காட்டு' என்று ஒரு ஆடிட்டராவது கேட்டிருந்தால் எனக்கு முதல் வாரத்திலேயே உறைத்திருக்கும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். குவெரி போட்ட சார்ட்டுக்கும் அன்றைய தேதியிலேயே கணக்குக் கொடுங்கள். எம்87.05 வரும் சார்ட்டுகளை ஒரு மாதத்துக்குத் தனியாக எடுத்து ஆடிட் செய்யுங்கள், இடியோபதிக் என்ற சொல் எங்கேயும் இல்லாவிட்டால் அதைப் பிழையாகவே குறியுங்கள். பயிற்சியில் எம்87-க்கு வரும்போது முதலில் அனஸ்தீசியா பக்கத்தையும் மருந்துப் பட்டியலையும் திறக்கச் சொல்லுங்கள், கோடு தேடித் தரும் சாஃப்ட்வேரான என்கோடரை அப்புறம் திறக்கட்டும்.

அந்தப் பெண்ணின் இரண்டாவது சார்ட்டுக்கு நான் குவெரி போட்டேன். பதில் மறுநாளே வந்தது: ஸ்டீராய்டால்தான், இரண்டு பக்கமும். இடது பக்கத்தைச் சரியாகப் போட முடிந்தது. வலது பக்கத்துக்கான பழைய பதிவைத் திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் டீமில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோடர்