பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன்னை நம் மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தும் ஊக்குநராகத் தேர்ந்தெடுத்ததை நேற்று புளி தட்டுகிற இடத்தில் சொன்னார்கள். சந்தோஷம். நேரில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து ஊர் ஊக்குநர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை முதலில் ஆரம்பித்தது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989இல். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு இருந்தது. 2004இல்தான் தனி மாவட்டமானது. வங்கியில் யாராவது "குழுவாம், பெரிய குழு" என்று இளக்காரம் பேசினால் இதை எடுத்துச் சொல்.

வங்கி என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. நான் ஊக்குநராக இருந்தபோது கடனுக்காக மூன்றாவது தடவை போனேன். "நாளைக்கு வாம்மா" என்றார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் கூட்டம். இரண்டு வாரமாகச் சந்தா கட்டாத ஒருத்தியை அத்தனை பேர் நடுவில் பிடித்துக்கொண்டேன். நோட்டில் அவள் பேரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் வேறு. அவள் வாயே திறக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து 20 ரூபாயை நோட்டின்மேல் வைத்தாள், எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவளுடைய கறவை மாடு செத்துப்போயிருக்கிறது. என்னிடம் சொல்லப் பயம். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் நம் பெரியம்மாதான் மூன்று நாள் அவள் வீட்டுக்கு நடந்து, பேசி, திரும்பக் கூட்டிவந்தார். மாடு வாங்கக் குழுச் சேமிப்பிலிருந்தே உள்கடன் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான். குழுப் பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது, அவ்வளவுதான்.

அதியமான் என்றாலே எல்லாரும் நெல்லிக்கனிக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு அவ்வை அவனை யானையாகப் பாடியதுதான் பிடிக்கும். ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவிவிட, தண்ணீரில் அசையாமல் கிடக்கும் யானை போல எங்களுக்கு இனியவன். பகைவருக்கோ மதம் பிடித்த யானை என்கிறார். நம் தகடூர்க்காரன் அப்படி (தகடூர் நம் தர்மபுரியின் பழைய பேர்). நானோ தலைகீழ்! வங்கியில் பூனை, குழுவில் மதயானை.

வங்கிக்குப் போகும்போது தனியாகப் போகாதே. குழுப் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொள், பேச்சை அவர்களும் பழகட்டும். 10 லட்சம் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் "எழுதிக் கொடுங்க சார்" என்று நில். குரலை உயர்த்த வேண்டியதில்லை, நகராமல் நின்றால் போதும். அப்புறம், கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாக வாசி. பெரியம்மா போலப் படிக்கத் தெரியாதவர்கள் காதால்தான் கணக்குப் பார்ப்பார்கள், ஒரு ரூபாய் தப்பினாலும் பிடித்துவிடுவார்கள்.

பழைய நோட்டுகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். புரட்டும்போது அந்தச் சிவப்பு வட்டம் கண்ணில் படும். அழிக்கப் பார்த்தேன், காகிதம்தான் கிழிந்தது.

அக்கா